கேமைத் திறந்தால் இன்னொரு அக்கவுண்ட் கேட்கிறதா? பணத்தைத் திரும்ப வாங்கும் வழி

மூவாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு பிசி கேம் வாங்குகிறீர்கள். ராத்திரி முழுக்க டவுன்லோட் ஆகிறது. காலையில் எழுந்து திறந்தால் கேம் வரவில்லை. வேறொரு கம்பெனியின் லாகின் பக்கம் வருகிறது. பெயர், பிறந்த தேதி, ஈமெயில், சில சமயம் போன் நம்பர் வரைக்கும் கேட்கிறது. கொடுத்தால்தான் கேம். கடைக்காரரிடம் கேட்டால் கேம் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்கள், கம்பெனியைக் கேட்டால் வாங்கிய இடத்தில் கேளுங்கள் என்கிறார்கள்.

ஏற்காட்டில் இருக்கும் என் சித்தி மகனுக்காக இந்த அலைச்சலை நான் பட்டேன். அப்புறம் சேலத்தில் தெரிந்த பையன்கள் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆளுக்கொரு வாய்ஸ் நோட் அனுப்புவதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இது.

பணம் திரும்ப வருமா வராதா என்பதைப் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள்தான் தீர்மானிக்கின்றன. நீங்கள் வாங்கிய அன்று கடைப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பது ஒன்று. வாங்கியபின் அந்த கேம் எத்தனை நிமிஷம் ஓடியதாகக் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்பது இன்னொன்று. கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த இரண்டையும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளத்தான்.

1. வாங்கும் முன் பக்கத்தின் வலது ஓரத்தைப் படியுங்கள்

பிசி கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒரு கேமின் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தால் இடது பக்கம் ட்ரெய்லரும் விளக்கமும் இருக்கும். நம் கண் அங்கேதான் போகும். வலது பக்கப் பட்டையில் தனியாக ஆடலாமா, கூட்டாக ஆடலாமா, கன்ட்ரோலர் வேலை செய்யுமா என்று வரிசையாக வரும். அதற்கும் கீழே ஒரு சின்னப் பெட்டி. மூன்றாம் தரப்பு அக்கவுண்ட் தேவை என்று ஆங்கிலத்தில் போட்டு, எந்தக் கம்பெனியுடையது என்றும் எழுதியிருப்பார்கள். அதை ஒட்டியே டெனுவோ போன்ற, திருட்டு நகலைத் தடுக்கும் மென்பொருள் இருக்கிறதா, தனி ஒப்பந்தம் ஒன்றை ஏற்க வேண்டுமா என்பதும் இருக்கும். போனில் பார்த்தால் இந்தப் பெட்டி வெகு தூரம் கீழே தள்ளிப் போய்விடும். சேல் நேரத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் வாங்குகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

பொதுவாக ஈஏவின் எஃப்சி, பேட்டில்ஃபீல்டு கேம்களுக்கு ஈஏ அக்கவுண்ட் வேண்டும். அசாசின்ஸ் க்ரீட், ஃபார் க்ரை வகையறாவுக்கு யூபிசாஃப்ட். ஜிடிஏ 5, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இரண்டுக்கும் ராக்ஸ்டார். ஃபோர்ஸா ஹொரைசன், சீ ஆஃப் தீவ்ஸ் என்றால் மைக்ரோசாஃப்ட். கால் ஆஃப் டூட்டிக்கு ஆக்டிவிஷன் அக்கவுண்ட், அதோடு போன் நம்பரும். கன்சோல் வைத்திருப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். ஃபோர்ஸா ஹொரைசன் 5-ஐ பிளேஸ்டேஷன் 5-இல் ஆடவும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கேட்கிறது.

பழைய யூடியூப் வீடியோவை நம்பி முடிவெடுக்காதீர்கள். இந்த நிபந்தனைகள் மாறிக்கொண்டே இருக்கும். காட் ஆஃப் வார் ராக்னராக் போன்ற சில கேம்களின் பிசி பதிப்புக்கு பிளேஸ்டேஷன் அக்கவுண்ட் கட்டாயம் என்று இருந்ததை 2025 ஜனவரியில் சோனியே விருப்பம் இருந்தால் போதும் என்று மாற்றியது. இன்றைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு.

பக்கத்தைப் படித்தபின் ஒரு வேலை செய்யுங்கள். பிரவுசரில் பிரிண்ட் கொடுத்து, பிரிண்டருக்குப் பதில் பிடிஎஃப் என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். மேல் ஓரத்தில் தேதியும் கீழ் ஓரத்தில் பக்கத்தின் முகவரியும் தானாகவே அச்சாகும். ஸ்க்ரீன்ஷாட்டைவிட இது நல்லது. ஸ்க்ரீன்ஷாட்டில் முக்கியமான பெட்டி பாதி வெட்டுப்பட்டிருக்கும், தேதியும் இருக்காது. அரை நிமிஷ வேலை. பின்னால் புகார் வரைக்கும் போனால் உங்களிடம் இருக்கும் முதல் ஆவணம் இதுதான்.

2. பணம் கட்டும்போது

ஸ்டீமில் நம் ஊர் விலை ரூபாயிலேயே இருக்கிறது. யூபிஐ, நெட் பேங்கிங், கார்டு எல்லாம் எடுத்துக்கொள்ளும். ரீஃபண்ட் பொதுவாகப் பணம் வந்த வழியிலேயே திரும்பும். அந்த வழியில் திருப்ப முடியாவிட்டால் ஸ்டீம் வாலெட்டில் போட்டுவிடுவார்கள். வாலெட்டுக்குள் போன பணத்தை பேங்குக்கு எடுக்க முடியாது, வேறு கேம்தான் வாங்கலாம். ரீஃபண்ட் கேட்கும் படிவத்தில் வாலெட்டா, கட்டிய வழியா என்று ஒரு தேர்வு வரும். அவசரத்தில் வாலெட்டை அழுத்திவிட்டுப் புலம்புகிறவர்கள் நிறைய.

பணம் கட்டியதும் வரும் ரசீது மெயிலை அழிக்காதீர்கள். தேதி, தொகை, ஆர்டர் எண், விற்றவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். வெளிநாட்டுக் கம்பெனியாக இருந்தாலும் இங்கே தனிநபருக்கு டிஜிட்டல் சேவை விற்றால் 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்ட வேண்டும். அப்படிப்பட்டவர்களின் ஜிஎஸ்டி எண் 99 என்று தொடங்கும். ரசீதில் அந்த எண் இருந்தால் குறித்து வையுங்கள். இந்தியாவில் இவர் முறையாக வியாபாரம் செய்கிறார் என்று காட்ட அது உதவும்.

விலை குறைவு என்று வெளித் தளங்களில் கீ, அதாவது கேமைத் திறக்கும் குறியீடு, வாங்கி ஸ்டீமில் போட்டால் ஸ்டீமிடம் ரீஃபண்ட் கேட்க முடியாது. விற்றவரிடம்தான் போக வேண்டும். இதைவிட மோசம் இன்ஸ்டாகிராமில் விற்கும் ஆஃப்லைன் ஆக்டிவேஷன். சில நூறு ரூபாய்க்குப் பெரிய கேம் கிடைக்கும், ஆனால் அது இன்னொருவருடைய அக்கவுண்ட். இரண்டாவது அக்கவுண்டின் ஓடிபி அவருடைய மெயிலுக்குத்தான் போகும். ஒரு நாள் அவர் பாஸ்வேர்டை மாற்றினால் கதை முடிந்தது. யாரிடமும் புகார் கொடுக்கக்கூட உங்கள் பெயரில் ரசீது இருக்காது.

3. இரண்டாவது அக்கவுண்டுக்கு வேண்டியவை

ஆதார், பான் எதுவும் வேண்டாம். கேட்டால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேண்டியது ஈமெயில், பிறந்த தேதி, நாடு, சில இடங்களில் மொபைல் எண்.

ஈமெயில் உங்களுடைய நிரந்தர மெயிலாக இருக்கட்டும். காலேஜ் கொடுத்த மெயிலைப் போடாதீர்கள். படிப்பு முடிந்ததும் அதை மூடினால் அக்கவுண்டும் கையை விட்டுப் போகும்.

பிறந்த தேதியை உண்மையாகவே போடுங்கள். 1990 என்று சும்மா உருட்டிவிட்டுப் பின்னால் பாஸ்வேர்டு மறந்து மீட்கப் போகும்போது அந்தத் தேதியைத்தான் கேட்பார்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் என்றால் அப்பா அம்மா அக்கவுண்டின் கீழ் சேர்க்கச் சொல்லும். இதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். பெற்றோரின் மெயிலுக்கு வரும் அனுமதியை ஏற்றால்தான் மேலே நகரும்.

நாடு இந்தியா. விபிஎன் போட்டு வேறு நாட்டைக் காட்டாதீர்கள். பிளேஸ்டேஷன் அக்கவுண்டில் ஒருமுறை போட்ட நாட்டை அப்புறம் மாற்ற விடமாட்டார்கள்.

ஸ்கூல் படிக்கும் காலத்தில் எப்போதோ தொடங்கிய பழைய ஈஏ அல்லது மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் உங்களுக்கு இருக்கலாம். பிரவுசரில் அது லாகின் ஆகியே இருந்தால் இணைக்கிறேன் என்று அழுத்தியதும் கேம் அதோடு ஒட்டிக்கொள்ளும். பிரிப்பதற்கு சப்போர்ட்டிடம் கெஞ்ச வேண்டும். இணைக்கும் பக்கத்தில் எந்த மெயில் தெரிகிறது என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

4. இரண்டு மணி நேரம் எப்படிக் கரைகிறது

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் பணத்தை விடுகிறார்கள்.

ஸ்டீமின் விதி: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ரீஃபண்ட். காரணம் எதுவாக இருந்தாலும் சரி. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நீங்கள் ஆடிய நேரத்தை ஸ்டீம் அளப்பதில்லை, புரோகிராம் திறந்திருந்த நேரத்தைத்தான் அளக்கிறது. பிளே அழுத்தியதும் முதலில் வருவது அந்த இன்னொரு கம்பெனியின் லாஞ்சர், அதாவது கேமைத் தொடங்கி வைக்கும் மென்பொருள். அது திறந்த நிமிஷத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. லாஞ்சர் தன்னைத் தானே அப்டேட் செய்துகொள்ளும் நேரம், ஓடிபிக்குக் காத்திருக்கும் நேரம், பாஸ்வேர்டு தப்பென்று திருப்பி அனுப்பும் நேரம், ஒப்பந்தத்தைப் படிக்கும் நேரம் எல்லாம் விளையாட்டுக் கணக்கில்தான் ஏறும்.

ஏற்காட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். சித்தி வீடு ஒண்டிக்கடையிலிருந்து நாகலூர் போகும் பக்கம். வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு வந்தால் பெரிய விஷயம், மழை நாளில் அதுவும் இல்லை. போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப். சித்தி மகன் லாஞ்சர் திறந்து அக்கவுண்ட் தொடங்கினான். போனுக்கு எஸ்எம்எஸ் வர வேண்டும். வரவில்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனால் எஸ்எம்எஸ் வரும், ஆனால் ஹாட்ஸ்பாட் அறுந்து லேப்டாப்பில் லாகின் பக்கம் காலாவதி ஆகிவிடும். திரும்ப முதலில் இருந்து. காட்டில் தூறல், இவன் வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருக்கிறான். கேமின் முதல் படத்தைக்கூட அவன் பார்க்கவில்லை. லைப்ரரியில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆடியதாகக் காட்டியது.

இதைத் தவிர்க்கும் முறை இது.

கேம் டவுன்லோட் ஆகிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கம்பெனியின் தளத்துக்குப் பிரவுசரில் போய் அக்கவுண்டைத் தொடங்கி, மெயிலையும் போன் நம்பரையும் உறுதி செய்து முடித்துவிடுங்கள். ஸ்டீம் டவுன்லோட் செய்யும் நேரம் கணக்கில் வராது. நெட் மோசமான இடத்தில் இருப்பவர்கள் சேலத்துக்கு இறங்கும்போது இதை முடித்துக்கொண்டு போங்கள். புதிய பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமே தாராளம்.

முதல்முறை பிளே அழுத்தும்போது கையில் நேரம் இருக்கட்டும். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் லாஞ்சரை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஜன்னலை மூடினாலும் லாஞ்சர் சில சமயம் கீழே, மணி காட்டும் மூலையில் ஒளிந்துகொண்டு ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டீம் லைப்ரரியில் அந்த கேமின் பட்டன் பிளே என்று திரும்பியிருக்கிறதா, இன்னும் ஸ்டாப் என்றே நிற்கிறதா என்று பாருங்கள். ஸ்டாப் என்று இருந்தால் கடிகாரம் இன்னும் நிற்கவில்லை. லாஞ்சரிலிருந்து முழுதாக வெளியேறுங்கள்.

14 நாள் என்பதும் வாங்கிய தேதியிலிருந்துதான், இன்ஸ்டால் செய்த தேதியிலிருந்து இல்லை. சம்மர் சேலில் வாங்கி, செமஸ்டர் முடிந்து பிரித்துப் பார்க்கலாம் என்று வைத்தால் நாள் போய்விடும். வாங்கியவுடன், வேறொன்றும் செய்யாவிட்டாலும், ஒருமுறை திறந்து அக்கவுண்ட் பிரச்சினை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். முன்பதிவு செய்த கேம் என்றால் வெளிவரும் வரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். வெளிவந்தபின் இந்த 14 நாள், 2 மணி நேர விதி தொடங்கும். ஆனால் காசு கூடக் கொடுத்து முன்கூட்டியே ஆடும் வசதி வாங்கியிருந்தால் அந்த நேரமும் 2 மணி நேரத்தில் சேரும்.

5. ரீஃபண்ட் கேட்பது

ஸ்டீம் சப்போர்ட் பக்கத்தில் லாகின் செய்யுங்கள். சமீபத்தில் வாங்கியவை வரிசையாக வரும். கேமைத் தேர்ந்தெடுத்து, ரீஃபண்ட் வேண்டும் என்பதை அழுத்தி, காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். கடைசியில் எழுத ஒரு பெட்டி வரும்.

எளிய ஆங்கிலத்தில் நான்கு வரி போதும். எந்த அக்கவுண்ட் கேட்டது, எந்த இடத்தில் தடை வந்தது, திரையில் என்ன பிழை காட்டியது, ஓடிய நேரத்தில் எவ்வளவு லாஞ்சரில் போனது. ஆத்திரத்தைக் கொட்டி எழுதினால் படிப்பவருக்கு விஷயம் புரியாது. நேரம் 2 மணியைத் தாண்டிவிட்டாலும் கேளுங்கள். விதிக்கு வெளியே இருந்தாலும் விண்ணப்பிக்கலாம், பார்ப்போம் என்று ஸ்டீமே தன் கொள்கையில் சொல்லியிருக்கிறது. அப்படிக் கேட்கும்போது லாஞ்சரின் பிழைச் செய்தியில் இருக்கும் எண்ணையும் நேரத்தையும் குறிப்பிட்டால் வாய்ப்பு கூடும் என்பது என் அனுபவம்.

ஒப்புக்கொண்டால் ஒரு வாரத்துக்குள் பணம் வரும் என்கிறார்கள். பேங்கைப் பொறுத்துச் சற்றுத் தாமதமாகலாம். மறுத்தால் வேறு விவரம் சேர்த்து மறுபடி கேட்கலாம், ஆனால் அதே வரிகளைத் திரும்பத் திரும்ப அனுப்புவதில் பயனில்லை. கேம்களை வாங்கி ஓட்டிப் பார்த்துத் திருப்புவதையே வழக்கமாக வைத்திருந்தால் ரீஃபண்ட் வசதியையே நிறுத்தவும் அவர்களுக்கு வழி இருக்கிறது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கார்டு கம்பெனியிடமோ பேங்கிலோ போய் இந்தப் பணத்தை நான் கட்டவில்லை என்று பிடுங்கப் பார்ப்பது. பணம் வந்தாலும் ஸ்டீம் அக்கவுண்ட் முடங்கும் அபாயம் இருக்கிறது. அதற்குள் இருக்கும் மற்ற கேம்கள் எல்லாம் சேர்ந்து மாட்டும்.

நண்பர் பரிசாக அனுப்பிய கேமை நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டால், ரீஃபண்டை நீங்கள்தான் தொடங்க வேண்டும். பணம் அவருக்குப் போகும்.

6. மற்ற கடைகள்

எபிக்கிலும் 14 நாள், 2 மணி நேரம்தான். ரீஃபண்ட் கிடையாது என்று குறித்தவற்றுக்கு இல்லை. ஜிஓஜியில் 30 நாள், ஆடியிருந்தாலும் கேட்கலாம். தனியாக ஆடும் கேம் மட்டும் போதும், இந்த அக்கவுண்ட் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் முதலில் ஜிஓஜியில் இருக்கிறதா என்று தேடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

பிளேஸ்டேஷன் ஸ்டோர் கடுமை. 14 நாள் உண்டு, ஆனால் டவுன்லோட் தொடங்கிவிட்டால் கிடையாது, கேமில் கோளாறு இருந்தால் ஒழிய. கன்சோலில் தானாக டவுன்லோட் ஆகும் அமைப்பு இருக்கிறது. போனில் வாங்கியதுமே வீட்டில் கன்சோல் இழுக்க ஆரம்பித்துவிடும், உங்கள் உரிமை அங்கேயே போச்சு. வாங்கும் முன் அந்த அமைப்பை அணைத்து வையுங்கள். கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே கேட்கலாம், அப்புறம் கேமை உருவாக்கியவரிடம்தான்.

கடையில் டிஸ்க் வாங்குகிறவர்கள் உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இன்டர்நெட், அக்கவுண்ட் பற்றி இருப்பதைக் கடையிலேயே படியுங்கள். உறை பிரித்துவிட்டால் கடைக்காரர் எடுக்கமாட்டார்.

7. வாங்கி மாதக்கணக்கு ஆனபின் அக்கவுண்ட் கேட்டால்

இது நடக்கும். ஹெல்டைவர்ஸ் 2 கேம் 2024 பிப்ரவரியில் வந்தது. பிளேஸ்டேஷன் அக்கவுண்ட் தேவை என்று ஸ்டீம் பக்கத்தில் போட்டிருந்தார்கள், ஆனால் தொடக்கத்தில் அது இல்லாமலேயே ஆட முடிந்தது. மே 3 அன்று இனி கட்டாயம் என்று அறிவித்தார்கள். அந்த அக்கவுண்டைத் தொடங்கவே வசதியில்லாத நாடுகள் 170-க்கு மேல். அங்கெல்லாம் விற்பனையும் நிறுத்தப்பட்டது. விளையாடியவர்கள் கொந்தளித்தார்கள், சில நாளிலேயே சோனி அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. இந்தியாவில் பிளேஸ்டேஷன் அக்கவுண்ட் தொடங்க வசதி இருப்பதால், எங்கள் நாட்டில் கிடைக்காது என்ற வாதம் நமக்குப் பொருந்தியிருக்காது.

மைன்கிராஃப்ட் ஜாவா இன்னொரு மாதிரி. பழைய மொஜாங் அக்கவுண்டை மைக்ரோசாஃப்டுக்கு மாற்றச் சொல்லிக் கெடு வைத்தார்கள். 2023-இல் கெடு முடிந்தது. மாற்றாதவர்கள் மறுபடி வாங்க வேண்டியதுதான். இப்படிப்பட்ட அறிவிப்பு மெயில் வந்தால் விளம்பரம் என்று தள்ளிவிடாமல் கடைசித் தேதியைக் குறித்து வையுங்கள்.

திடீரென்று நிபந்தனை மாறினால் நம் வாதம், வாங்கிய அன்று பக்கத்தில் இது இல்லை என்பதுதான். அதற்குத்தான் முதல் படியில் சொன்ன பிடிஎஃப். அறிவிப்பு வந்த அன்றே அறிவிப்பையும் அப்படியே சேமித்து, அன்றே ரீஃபண்ட் கேளுங்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டால் நிபந்தனையை ஏற்றுக்கொண்டு ஆடினீர்கள் என்பார்கள். ஐரோப்பாவில் அந்தச் சட்டம் இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் இப்படி என்று இணையத்தில் படித்ததை இங்கே மேற்கோள் காட்டுவதில் பயனில்லை. நம் ஊர்ச் சட்டத்தைச் சொல்லுங்கள்.

8. கடை கைவிரித்தால்

முதலில் குறைதீர் அலுவலர். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி இணையத்தில் விற்பவர்கள் அப்படி ஒருவரை நியமித்து, பெயரையும் தொடர்பையும் தளத்தில் போட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து இங்கே முறையாக விற்பவர்களுக்கும் இந்த விதிகள் பொருந்தும். மெயிலில் அனுப்புங்கள், சாட்டில் பேசாதீர்கள். சாட் மூடியதும் ஆதாரம் போய்விடும்.

அந்த மெயிலில் சேர்க்க ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு டார்க் பேட்டர்ன் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மொத்தம் 13 வகை ஏமாற்று வழிகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று கட்டாயச் செயல்: நீங்கள் வாங்க நினைத்ததைப் பெறுவதற்காகத் தொடர்பில்லாத வேறொரு சேவையில் சேரவோ சொந்தத் தகவலைக் கொடுக்கவோ நெருக்குவது. ஒரு செயலியைப் பயன்படுத்த வேறொரு செயலியை இறக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதையும் உதாரணமாகக் கொடுத்திருக்கிறார்கள். லாஞ்சர் விவகாரத்துக்குக் கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது. ஆனால் ஒன்று, ஆன்லைனில் கூட்டாக ஆடும் கேம் என்றால் அக்கவுண்ட் சேவைக்குத் தொடர்புள்ளதுதான் என்று கம்பெனி சொல்லும், அதில் நியாயமும் இருக்கிறது. தனியாக ஆடும் கேமுக்கு, அதுவும் கடைப் பக்கத்தில் சொல்லாமல் கேட்டிருந்தால், உங்கள் கை ஓங்கும்.

பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காலை 8 முதல் இரவு 8 வரை. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இணையத்திலும் பதியலாம். ஆர்டர் எண், தொகை, கம்பெனிக்கு அனுப்பிய மெயில், அவர்கள் பதில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு அழையுங்கள். ஒரு பதிவு எண் தருவார்கள், அதைத் தொலைக்காதீர்கள். இவர்கள் கோர்ட் இல்லை, கம்பெனியைக் கட்டாயப்படுத்த முடியாது. பேசி முடிக்கப் பார்ப்பார்கள். மூவாயிரம் ரூபாய் கேமுக்குப் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

விடமாட்டேன் என்கிறவர்களுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஏற்காட்டுக்காரர்களுக்கும் சேலம் ஆணையம்தான். பிரச்சினை எழுந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். புகார் மனு, நிகழ்வுகள் தேதிவாரியாக, ரசீது, கடைப் பக்கத்தின் பிடிஎஃப், மெயில் போக்குவரத்து, உறுதிமொழிப் பத்திரம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். உண்மையில் கைக்காசு போகும் இடம் இந்த உறுதிமொழிப் பத்திரம். நோட்டரி வைக்க வேண்டும். அஸ்தம்பட்டி கோர்ட் பக்கம் போனால் ஆள் கிடைக்கும், தொகையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எதிர்த்தரப்பு வெளிநாட்டில் இருந்தால் நோட்டீஸ் சேர்வதற்கே காலம் போகும். அதனால் ரசீதில் இந்தியக் கிளையின் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

பிரவுசிங் சென்டர், கேமிங் கஃபே நடத்துகிறவர்கள் கவனிக்க. வியாபாரத்துக்காக வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் நடத்துகிறவருக்கு விலக்கு உண்டு. நாலு கடை வைத்து ஆள் போட்டு நடத்துகிறவர் இந்த வழியில் வர முடியாது.

9. பணம் வந்தபின் அந்த அக்கவுண்டை மூடுங்கள்

ரீஃபண்ட் வந்ததும் கேம் லைப்ரரியிலிருந்து போய்விடும், ஆனால் இன்னொரு கம்பெனியிடம் கொடுத்த பெயரும் போன் நம்பரும் அங்கேயே இருக்கும். முதலில் ஸ்டீமோடு உள்ள இணைப்பைத் துண்டியுங்கள். அப்புறம் அந்தக் கம்பெனியின் அக்கவுண்ட் அமைப்பிலோ ஹெல்ப் பக்கத்திலோ போய் அழிக்கச் சொல்லுங்கள். பணம் கைக்கு வரும் முன் இதைச் செய்ய வேண்டாம், விசாரிக்கும்போது அந்த அக்கவுண்ட் விவரம் கேட்டால் காட்ட முடியாமல் போகும்.

அழிக்கும் முன் அதே அக்கவுண்டில் வேறு கேம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் சேர்ந்து போகும். எபிக்கில் இலவசமாக வாங்கிய பழைய கேம்கூட அதனோடு இணைந்திருக்கலாம். உறுதி செய்யச் சொல்லி மெயில் வரும். அதில் உள்ள லிங்க்கை அழுத்தாவிட்டால் பல இடங்களில் அழிப்பே நடக்காது.